பெர்சிஸின் இரண்டு பிடிவாதங்கள்

பெர்சிஸ் அன்று பள்ளிக்கூடத்துக்குப் போனது சண்டை போடுவதற்காக அல்ல. மகன் கிறிஸ்வின் மூக்குக்கண்ணாடியை மறந்து வீட்டிலேயே வைத்துவிட்டுப் போயிருந்தான். அதைக் கொடுத்துவிட்டு, திரும்பும் வழியில் காய்கறி வாங்கிக்கொண்டு வரலாம் என்று ஸ்கூட்டியை எடுத்தாள்.

இரண்டாம் வகுப்பு தரைத்தளத்தில் இருந்தது. ஜன்னல் வழியாகப் பார்த்தபோது எல்லாப் பிள்ளைகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவள் மகன் மட்டும் பெஞ்சின் மேல் நின்றுகொண்டிருந்தான். கைகள் இரண்டும் டிராயரை இறுகப் பிடித்திருந்தன. கரும்பலகையை அவன் பார்க்கவில்லை, தன் ஷூவைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"மிஸ், இவன் ஏன் நிக்கான்?"

"நல்ல வேளை வந்தீங்கம்மா. அட்டெண்டன்ஸ் எடுக்கும்போது 'பிரசன்ட் மிஸ்'னு ஒரு வார்த்தை சொல்லச் சொல்லுங்க. உட்கார்ந்துடலாம். தினமும் இதே கதைதான். ரொம்பப் பிடிவாதம்."

"தினமுமா?"

முன் வரிசையில் இருந்த ஒரு சிறுமி உதவி செய்வதாக நினைத்து எழுந்து சொன்னாள். "ஆன்ட்டி, அவன் இன்டர்வெல் பெல் அடிச்சாத்தான் உக்காருவான்."

பெர்சிஸ் செருப்பைக்கூடக் கழற்றாமல் வகுப்புக்குள் போனாள். மகனை இரண்டு கைகளாலும் தூக்கி இறக்கினாள். ஏழு வயதுப் பையன் கனத்தான். இறங்கியும் அவன் கை டிராயரை விடவில்லை.

"மிஸ், உங்க கண்ணு முன்னால நிக்கவன் வந்திருக்கானா இல்லையான்னு அவன்கிட்டதான் கேக்கணுமா? உங்களுக்கே தெரியலையா?"

பையை எடுத்துத் தோளில் மாட்டிக்கொண்டாள். வாசலில் முதல்வர் வழிமறித்தார். வகுப்பு நடக்கும்போது இப்படிக் கூட்டிக்கொண்டு போனால் திரும்பச் சேர்த்துக்கொள்வது கஷ்டம் என்றார்.

"உங்களுக்கு அந்தக் கஷ்டமே வேண்டாம் சார். இவன் இனிமே வர மாட்டான்."

அன்று அவள் காய்கறி வாங்கவில்லை.

கிறிஸ்வின் ஊமைப் பிள்ளை அல்ல. வீட்டுக்குள் அவன் வாய் ஓயாது. கொசு எப்படித் தூங்கும், ஊருக்கு ஏன் பெயர் வைக்கிறார்கள், அப்பா ஏறும் கரண்டுக் கம்பத்தின் உச்சியிலிருந்து பார்த்தால் கரிவலம்வந்தநல்லூர் தெரியுமா என்று கேட்டுக்கொண்டே இருப்பான். வாசல்படி தாண்டியதும் அந்தச் சத்தம் அப்படியே நின்றுவிடும். கடையில், ஆலயத்தில், பள்ளிக்கூடத்தில் ஒரு வார்த்தை வராது. திருநெல்வேலியில் காட்டிய டாக்டர் இது பிடிவாதம் இல்லை, பயம் என்றார். கட்டாயப்படுத்தினால் இன்னும் இறுகும் என்று சொல்லி அனுப்பினார். பெர்சிஸ் அதைப் பள்ளிக்கூடத்தில் போன வருடமே சொல்லியிருந்தாள். கேட்டுக்கொண்டார்கள், அவ்வளவுதான்.

அவள் ராயகிரிப் பக்கத்துப் பெண். கணக்கில் பி.எஸ்சி. படித்தவள். திருமணத்துக்குப் பிறகு பி.எட். சேர்ந்து பாதியில் விட்டவள். ஆசிரியர்கள் நிறைந்த அந்தக் குடும்பத்தில் அது அவள்மீது இருந்த நிரந்தரக் குறை. கணவன் எபினேசர் மின்வாரியத்தில் வயர்மேன். மாமனார் அருமைநாயகம் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். நானும் அவர்களும் ஒரே கிறிஸ்தவ சபை; எங்கள் சபையில் அவரிடம் படிக்காத குடும்பம் குறைவு. சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டில் அவர் இறங்கினால் நரைத்த தலைகள்கூட "வணக்கம் சார்" என்று எழுந்து நிற்கும்.

அந்தச் சாயங்காலம் அவர் கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து மருமகளைக் கூப்பிட்டார். கோபத்தில்கூட அவர் குரல் ஏறாது.

"பெர்சிஸ், நான் ஒண்ணு சொல்லுதேன், கேளு. எங்க தாத்தாவப் பள்ளிக்கூடத்துக்குள்ள விடல. வாசலுக்கு வெளிய நின்னு காதுல விழுந்தத வச்சுப் படிச்சாரு. அவரு நின்னதுனாலதான் எங்கப்பா உள்ள போனாரு. எங்கப்பா போனதுனாலதான் நான் ஹெட்மாஸ்டர் ஆனேன். நம்ம சனம் தலை நிமிந்தது பள்ளிக்கூடத்தாலதான். அத நீ ஒரே நாள்ல வேண்டாம்னு வந்திருக்க."

அந்தத் தாத்தாவை பெர்சிஸும் மதித்தாள். அந்த வீட்டின் ஒவ்வொரு ஜெபத்திலும் அவருக்காக ஒரு ஸ்தோத்திரம் உண்டு.

"மாமா, தாத்தாவ வாசலுக்கு வெளிய நிக்க வச்சாவ. இவன பெஞ்சு மேல நிக்க வச்சாவ. ரெண்டும் நிக்க வைக்கதுதான் மாமா. இவன் நிக்கதுக்காகவா தாத்தா நின்னாரு?"

அருமைநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அதற்குப் பிறகு பல மாதங்கள் அவர் அவளோடு தேவைக்கு மேல் பேசவில்லை.

எபினேசர் திருவேங்கடத்தில் வேலை முடித்துக் களைத்து வந்திருந்தான். இரண்டு பக்கத்தையும் கேட்டான். "ஒரு வருஷம் பாப்போம்" என்றான். அவன் அப்படித்தான். எந்தப் பிரச்சினையையும் ஒரு வருடம் தள்ளிவைப்பான்.

எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த மூத்தவள் பிளஸ்ஸி, ஐந்தாம் வகுப்புக்காரி, அந்த நேரத்தில் குறுக்கே வந்தாள். "அவன் போகலன்னா நானும் போகல." அதே பள்ளிக்கூடத்தில்தான் அவளும் படித்தாள். தம்பி பெஞ்சில் நிற்பதை மாடிப்படியிலிருந்து தினமும் பார்த்தவள். சூட்டோடு சூடாக பெர்சிஸ் சொன்னாள், "வேண்டாம் மக்கா, நீயும் போக வேண்டாம்."

வீட்டிலேயே கற்பிப்பது என்று அவள் முடிவு செய்தது இப்படித்தான். ஒரு கொள்கையும் கிடையாது, ஒரு திட்டமும் கிடையாது. கோயம்புத்தூரில் இருந்த எபினேசரின் சித்தி மகள், பிள்ளைகளை வீட்டிலேயே படிக்கவைக்கும் கிறிஸ்தவத் தாய்மாரின் வாட்ஸ்அப் குழு ஒன்றில் அவளைச் சேர்த்துவிட்டாள். அதில் இருந்தவர்களெல்லாம் பெரிய ஊர்க்காரர்கள். காலையில் ஒரு ஜெபம் போடுவார்கள். சோர்ந்துபோகாதீர்கள், உங்கள் வீட்டு மேசையும் ஒரு பீடம்தான் என்று ஒருவர் எழுதியிருந்தார். பெர்சிஸுக்கு அது தெம்பாக இருந்தது. அந்தத் தெம்போடு சாப்பாட்டு மேசையில் கால அட்டவணை ஒட்டினாள். ஒன்பது மணிக்கு ஜெபம், பிறகு தமிழ், பிறகு கணக்கு.

நடந்தது வேறு. மற்ற நேரமெல்லாம் வாய் ஓயாத கிறிஸ்வின், புத்தகத்தைத் திறந்ததும் மௌனமானான். அதுவரை வீட்டுக்குள் வராத பூட்டு, இப்போது மேசைக்கே வந்துவிட்டது. "இது என்ன எழுத்து?" என்றால் பதில் இல்லை. தெரியாமல் இல்லை, எழுதச் சொன்னால் எழுதினான். வாயைத்தான் திறக்க மாட்டான். பிளஸ்ஸி தன் பாடத்தைத் தானே முடித்துவிட்டுத் தம்பிக்காகவும் சேர்த்துப் பதில் சொல்வாள்.

ஒரு நாள் காலை. குக்கர் விசில் அடிக்கிறது. பக்கத்து வீட்டுத் தறி ஓடுகிறது. மாமனார் கூடத்தில் செய்தித்தாளைப் பிரித்துவைத்துக்கொண்டு ஒவ்வொரு சொல்லையும் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று அவளுக்குத் தெரியும். மூன்றாவது முறை கேட்டும் மகன் பேசவில்லை. அவள் மேசையைத் தட்டினாள்.

"வாயத் தொறந்து சொல்லேம்ல! ஒனக்காகத்தான நான் ஊருலகத்தப் பகைச்சுட்டு நிக்கேன்!"

கிறிஸ்வின் அவளைப் பார்த்தான். பிறகு சத்தமில்லாமல் தன் நாற்காலியில் ஏறினான். டிராயரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, தலையைக் குனிந்து, அதன் மேல் நின்றான்.

யாரும் ஏறச் சொல்லவில்லை. அவனாகவே ஏறினான்.

பெர்சிஸ் அவனை இறக்கவில்லை. பிளஸ்ஸிதான் தம்பியை இறக்கிக் கொல்லைப்பக்கம் கூட்டிப் போனாள். பெர்சிஸ் கால அட்டவணையைக் கிழித்தாள். அடுப்படிக்குள் போய் மண்டியிட்டாள். அன்று அவள் செய்தது அழகான ஜெபம் ஒன்றும் இல்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னாள். "ஆண்டவரே, அந்த டீச்சர்கிட்டருந்து இவனப் பிடுங்கிட்டு வந்து, நானே அந்த டீச்சராயிட்டேன். எனக்குத் தெரியல. வேற வழியக் காட்டும். காட்டுத வரைக்கும் நான் எந்திரிக்க மாட்டேன்." ஆண்டவரிடம்கூட அவள் அப்படித்தான் பேசுவாள்.

சோறு குழைகிற வாடை வந்ததும் எழுந்துவிட்டாள். வழி அன்றைக்குத் தெரியவில்லை. அதன் பிறகு பல நாட்கள் அவள் புத்தகத்தையே எடுக்கவில்லை. பிள்ளைகளை விட்டுவிட்டாள்.

பக்கத்து வீடு மாரிசெல்வியுடையது. அவளும் கணவனும் வீட்டை ஒட்டிய கூடத்தில் நான்கு விசைத்தறி வைத்துத் துண்டு நெய்கிறார்கள். எங்கள் ஊரில் அந்தச் சத்தம் இல்லாத தெரு குறைவு. உள்ளே போனால் எதிரே நிற்பவர் பேசுவது காதில் விழாது. காதோரம் வாய் வைத்துக் கத்த வேண்டும், இல்லாவிட்டால் கையால் பேச வேண்டும்.

ஒரு மத்தியானம் கிறிஸ்வினைக் காணோம். பெர்சிஸ் தேடிக்கொண்டு மாரிசெல்வி வீட்டுக்குப் போனாள். மாரிசெல்வி தறிக்கூட வாசலில் நின்று, உதட்டில் விரல் வைத்து, உள்ளே காட்டினாள். தறிகளுக்கு எட்டாத தூரத்தில், சுவரோரம் கவிழ்த்துப்போட்ட பிளாஸ்டிக் வாளியின் மேல் கிறிஸ்வின் உட்கார்ந்திருந்தான். கண்ணை மூடிக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்கக் கத்திக்கொண்டிருந்தான். என்ன கத்துகிறான் என்று கேட்கவில்லை. பெர்சிஸ் குனிந்து கிட்டே போனபோதுதான் தெரிந்தது. தமிழ்ப் பாடப் புத்தகத்தில் இருந்த பாடம் முழுவதையும் வரி விடாமல் ஒப்பித்துக்கொண்டிருந்தான்.

"நாலு நாளா வாரான்க்கா. எங்களுக்கு ஒண்ணும் கேக்காதுன்னு தைரியம் அவனுக்கு" என்றாள் மாரிசெல்வி, அவள் காதில் கத்தி.

பெர்சிஸுக்குப் புரிந்தது. பேசுவதற்கு அவன் பயப்படவில்லை. கேட்கப்படுவதற்குப் பயந்தான். யாருக்கும் கேட்காது என்று உறுதியான இடத்தில் அவன் குரல் தானாக வந்தது.

மறுநாளிலிருந்து அதுதான் வகுப்பு. காலையில் வீட்டு வேலை முடித்து, இன்னொரு வாளியை எடுத்துக்கொண்டு மகன் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். இவள் கத்துவாள். அவன் கத்துவான். தப்பாகச் சொன்னாலும் யாருக்கும் தெரியாது. சில நாள் பிளஸ்ஸியும் வந்து கத்துவாள். மாரிசெல்வி அறுந்த நூலை முடிந்துகொண்டே சிரிப்பாள்.

சில வாரங்கள் கழித்து ஒரு நாள், வாய்ப்பாடு கத்திக்கொண்டிருக்கும்போது சொல்லாமல் கொள்ளாமல் கரண்ட் போனது. நான்கு தறியும் ஒரே நேரத்தில் நின்றன. அந்தத் திடீர் அமைதியில் கிறிஸ்வினின் குரல் மட்டும் கூடம் முழுக்க ஒலித்தது.

"ஏழெட்டு ஐம்பத்தாறு!"

கிறிஸ்வின் உறைந்துபோனான். கைகள் டிராயருக்குப் போயின. பெர்சிஸ் மூச்சை அடக்கிக்கொண்டாள். மாரிசெல்வி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நூலைப் பார்த்தபடியே, ஏதோ உப்பு இருக்கிறதா என்று கேட்பதுபோலக் கேட்டாள்.

"அப்ப ஏழொம்பது?"

தெருவில் யாரோ சைக்கிள் மணி அடித்துக்கொண்டு போனார்கள். பிறகு மிக மெல்லப் பதில் வந்தது.

"அறுபத்து மூணு."

வீட்டுக்கு வெளியே, இன்னொருவருக்கு அவன் சொன்ன முதல் பதில் அதுதான். அன்று சாயங்காலம் எபினேசர் வந்ததும் பெர்சிஸ் கேட்டாள். "ஏங்க, நம்ம தெருவுக்கு மட்டும் தினம் ஒரு அஞ்சு நிமிஷம் கரண்ட கட் பண்ணச் சொல்ல முடியுமா?" எபினேசர் சிரித்த சிரிப்பில் அருமைநாயகமே எட்டிப் பார்த்தார். அந்த ஒரு வருடம் முடிந்துவிட்டதை எபினேசர் பிறகு நினைவுபடுத்தவே இல்லை.

ஆனால் தறிக்கூட வாசலைத் தாண்டிப் போகிறவர்கள் பார்த்தது வேறு. ஹெட்மாஸ்டர் பேரன் பள்ளிக்கூட நேரத்தில் தறிக்கூடத்தில் இருக்கிறான். அம்மாவும் கூடவே இருக்கிறாள். பேச்சு கிளம்பிவிட்டது. பெர்சிஸ் பிள்ளையைத் தறி வேலைக்கு விட்டுவிட்டாள் என்றார்கள். யாரோ புகாரும் கொடுத்துவிட்டார்கள்.

வட்டாரக் கல்வி அலுவலகத்திலிருந்து வேல்விழி என்ற ஆசிரியை வந்தார். பள்ளிக்கு வராத பிள்ளைகளைக் கண்டறிவது அவர் பொறுப்பு. பெர்சிஸ் ஒன்றையும் மறைக்கவில்லை. நேரே தறிக்கூடத்துக்கே கூட்டிப் போய் அந்த இரண்டு வாளிகளையும் காட்டினாள். நடந்ததையெல்லாம் காதில் கத்திச் சொன்னாள். கிறிஸ்வின் அம்மாவின் சேலைக்குப் பின்னால் போய்விட்டான்.

வெளியே வந்ததும் வேல்விழி கேட்டார். "அவன் ஏதாவது ஒரு வரி வாசிச்சுக் காட்டினா எனக்கு மேலதிகாரிகிட்டச் சொல்ல வசதியா இருக்கும்மா."

"மன்னிச்சுக்கிடுங்க டீச்சர். இவன் பேசுவான்னு நிரூபிக்கதுக்காக இவனப் பேசச் சொல்ல மாட்டேன். அதச் செஞ்சுதான் இவன் இந்த நெலமைக்கு வந்தான்."

வேல்விழி பேனாவை மூடினார். "சரி. காட்ட வேண்டாம்" என்றார். இவனைப் போன்ற பிள்ளைகளுக்குப் பேச்சுப் பயிற்சி கொடுக்கிற ஒருவர் வாரம் ஒருமுறை ஊருக்கு வருவதாகச் சொல்லி, இடத்தையும் சொன்னார். "ஆனா பள்ளிக்கு வராத பிள்ளைன்னுதான் நான் சொல்லியாகணும். அப்பப்ப வந்து கேட்டுக்கிட்டே இருப்பேன்."

"தாராளமா வாங்க டீச்சர். பேச்சுப் பயிற்சிக்குக் கூட்டிட்டுப் போறேன். நீங்க வரும்போதெல்லாம் காப்பி தருவேன். பையனத் தர மாட்டேன்."

வேல்விழி சிரித்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டுத்தான் போனார்.

அலுவலகம் புரிந்துகொண்டதை எங்கள் சபை புரிந்துகொள்ளவில்லை. பெண்கள் கூட்டத்துக்கு அப்போது நேசமணி டீச்சர் தலைவி. முப்பது வருடத்துக்கு மேல் பள்ளிக்கூடமே உயிர் என்று இருந்தவர். கெட்டவர் அல்ல. பள்ளிக்கு வராத பிள்ளையை வீடு வீடாகப் போய் இழுத்துவந்து உட்காரவைத்த கை அது. அதனால்தான் அவருக்குப் பெர்சிஸ் செய்தது பொறுக்கவில்லை. முகத்துக்கு நேரே சொல்லவும் மனமில்லை. எங்களிடம் ஒரு பழக்கம் உண்டு. ஒருவரிடம் சொல்ல முடியாததை அவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஆண்டவரிடம் சொல்லிவிடுவோம்.

அந்த மாதக் கூட்டத்தில் கடைசி ஜெபம் அவருடையது. எல்லோரும் கண்ணை மூடினோம்.

"அன்பின் ஆண்டவரே, எங்கள் சபையில் ஒரு தாய், பெருமையினால் கண் மறைந்தவளாய், இரண்டு பிள்ளைகளின் எதிர்காலத்தைப் பாழாக்குகிறாள். கல்வி என்னும் வெளிச்சத்தை விட்டுப் பிள்ளையைத் தறிக்கூடத்தில் உட்கார வைத்திருக்கிறாள். அவள் மனதை உடையும் ஆண்டவரே. அவளைத் திருப்பிக் கொண்டுவாரும்."

நாங்கள் ஆமென் சொல்ல வாயெடுப்பதற்குள் இன்னொரு குரல் எழுந்தது. நான் கண்ணைத் திறந்தேன். பெர்சிஸ் நின்றுகொண்டிருந்தாள். அவள் கண்கள் திறந்தே இருந்தன.

"ஆண்டவரே, டீச்சர் சொன்ன அந்தத் தாய் நான்தான். ஒமக்குத் தெரியும், இருந்தாலும் பேரச் சொல்லிருதேன். பெர்சிஸ். டீச்சர் கேட்டபடி என் மனச ஒடைக்க வேண்டாம் ஆண்டவரே. அது ஏற்கெனவே ஒரு ஜன்னலுக்கு வெளிய நின்னு ஒடைஞ்சாச்சு. எனக்குப் படிப்பு வேண்டாம்னு நான் சொல்லல. என் பிள்ள படிக்கான். நீர் கேட்டீரு, அந்தத் தறிச் சத்தத்துலயும் நீர் கேட்டீரு. வேற யாருக்கும் கேக்காததும் ஒமக்குக் கேக்கும். வேதத்துலயும் நாக்கு வராதுன்னு பயந்தவனத்தான நீர் ராஜா முன்னால பேச அனுப்பினீரு? அவன பெஞ்சு மேல ஏத்தல. கூடப் பேசதுக்கு ஒரு அண்ணனக் குடுத்து அனுப்பினீரு. இந்தச் சபையில பிள்ளையளப் பெத்தவ எல்லாருக்கும் தைரியத்தக் குடும். பிள்ளையப் பாக்கதுக்குக் கண்ணக் குடும். டீச்சரயும் ஆசீர்வதியும். ஆமென்."

பிறகு பின்வரிசையிலிருந்து ஒரே ஒரு ஆமென் சத்தமாக வந்தது. அதைச் சொன்னது யார் என்று ரொம்ப நாள் விசாரித்தார்கள். நான்தான்.

அன்று யாரும் அவளோடு பேசவில்லை. ஆனால் அடுத்த வாரங்களில் ஒவ்வொருத்தியாக அவள் வீட்டுக்குப் போனார்கள். மகள் தினமும் காலையில் வாந்தியெடுத்துவிட்டுத்தான் வேன் ஏறுகிறாள் என்று ஒருத்தி அழுதாள். பூ மார்க்கெட்டில் கடை வைத்திருக்கிற ஷமீரா, எங்கள் சபை இல்லாவிட்டாலும் கேள்விப்பட்டு வந்தாள். வகுப்பிலேயே மக்கு என்று பேர் வைத்துவிட்டார்கள், இனிப் போக மாட்டேன் என்கிறான் என் மகன், நானும் நிறுத்திவிடட்டுமா என்று கேட்டாள். நிறுத்து என்று பெர்சிஸ் யாரிடமும் சொன்னதில்லை.

"முதல்ல சொல்லாமக் கொள்ளாமப் போயி அந்த ஜன்னல் வழியாப் பாரு. என்ன நடக்குன்னு ஒன் கண்ணால பாத்துட்டு வா. பேசித் தீருமா, பேசு. தீராதுன்னா கூட்டிட்டு வா. நான் இருக்கேன். ஊரு என்ன சொல்லும்னு மட்டும் யோசிக்காத. ஊரா பெஞ்சு மேல நிக்கப் போகுது?"

ஷமீரா போய்ப் பேசினாள். அந்த ஆசிரியை மனம் வருந்தினார், பையன் அங்கேயே படிக்கிறான். மற்றவளின் மகள் ஒரு வருடம் வீட்டில் இருந்துவிட்டு வேறு பள்ளிக்கூடம் போனாள். பெர்சிஸ் இரண்டையும் ஒரே மாதிரிச் சந்தோஷமாகச் சொல்வாள்.

அவளுக்கு அதைவிடக் கஷ்டமான பிடிவாதம் ஒன்று வீட்டுக்குள்ளேயே காத்திருந்தது.

பிளஸ்ஸிக்கு அப்போது பன்னிரண்டு முடிந்திருந்தது. வீட்டில் படித்தே கணக்கில் அம்மாவை மடக்குகிற அளவுக்கு வந்திருந்தாள். ஒரு நாள் மாடியில் துணி காயப்போடும்போது, கிளிப்பை வாயில் கடித்தபடி சொன்னாள்.

"அம்மா, நான் பள்ளிக்கூடம் போணும்."

பெர்சிஸ் கேட்காததுபோல இருந்தாள். மகள் கிளிப்பை எடுத்துவிட்டு மறுபடி சொன்னாள்.

"எனக்குக் கோகோ ஆடணும். ஒரு பெஞ்சு நெறையப் பிள்ளையளோட உக்காரணும். பரீட்சை எழுதி யாரு பஸ்ட்டுன்னு பாக்கணும்."

"இங்கன ஒனக்கு என்னட்டி குற? நான் சொல்லிக் குடுக்கது பத்தலையா?"

"நீங்க நல்லாச் சொல்லிக் குடுக்கீங்கம்மா. ஆனா நான் தம்பி இல்லம்மா."

பெர்சிஸ் ஈரத்துணி வாளியை அப்படியே வைத்துவிட்டுக் கீழே இறங்கிவிட்டாள். இரண்டு மூன்று நாள் மகளோடு சரியாகப் பேசவில்லை. இவ்வளவு பேரை எதிர்த்து நின்றதெல்லாம் இப்படித் தோற்றுப்போகவா என்று இருந்தது. மாமனார் என்ன சொல்வார், நேசமணி டீச்சர் என்ன சொல்வார் என்ற கணக்கும் ஓடியது. அந்தக் கணக்கு ஓடுவதைக் கவனித்தபோதுதான் அவளுக்கே சுருக்கென்றது. ஊரை யோசிக்காதே என்று வருகிறவளுக்கெல்லாம் சொல்லிக்கொண்டு, தன் மகளை மட்டும் ஊருக்குப் பயந்து வீட்டில் வைத்திருக்கப் பார்க்கிறாள். அவளைப் பள்ளியிலிருந்து நிறுத்தியதும் அவளுக்காக அல்ல, தன் கோபத்துக்காக.

அன்றே வேல்விழி டீச்சருக்கு போன் போட்டாள். வயதுக்கேற்ற வகுப்பில், எட்டாம் வகுப்பில், அரசுப் பெண்கள் பள்ளியில் சேரலாம் என்றார் அவர்.

வாட்ஸ்அப் குழுவில் அதைச் சொன்னபோது அவ்வளவு நாள் தெம்பு கொடுத்த அதே தாய்மார்கள் வருத்தப்பட்டார்கள். ஆண்டவர் உங்கள் கையில் கொடுத்த பிள்ளையை உலகத்தின் கையில் கொடுக்கிறீர்களே, இன்னும் ஜெபித்துப் பாருங்கள் சிஸ்டர் என்றார்கள். ஒருவர், பின்வாங்கிப் போகாதீர்கள் என்று எழுதினார். பெர்சிஸ் குரல் பதிவு அனுப்பினாள்.

"சிஸ்டர், உங்க ஜெபத்துலதான் நான் நாளத் தள்ளினேன். அத மறக்க மாட்டேன். ஆனா நான் வீட்டுல சொல்லிக் குடுத்தது பள்ளிக்கூடத்துக்கு எதிரா இல்ல, என் பையனுக்காக. இப்ப அனுப்புததும் என் மகளுக்காக. பள்ளிக்கூடம் போகலன்னா பிள்ள கெட்டுரும்னு எங்க ஊர்ல சொன்னாவ. போனா கெட்டுரும்னு நீங்க சொல்லுதீங்க. ரெண்டு பேருக்கும் நான் பயப்படல. பின்வாங்கல சிஸ்டர், என் பிள்ளையோட கூட நடக்கேன்."

பதில் ஒன்றிரண்டே வந்தது. ஒன்று மட்டும், திருச்சியிலிருந்து ஒரு பெண் தனியாக அனுப்பியிருந்தாள். என் மகனும் இதையேதான் கேட்கிறான் அக்கா, நான்தான் யாரிடமும் சொல்லவில்லை என்று. அவளோடு பெர்சிஸ் இன்றும் பேசுகிறாள்.

சேர்க்கை அன்று பிளஸ்ஸி இரட்டைச் சடை போட்டு, சீருடையில் வந்து நின்றாள். கூடத்தில் அருமைநாயகம் செய்தித்தாளை மடித்துவைத்தார்.

"கடைசியில பள்ளிக்கூடம்தான்னு வந்துட்ட, பாத்தியா?" குரலில் வெற்றி கொஞ்சம் இருந்தது.

"இவளுக்குப் பள்ளிக்கூடம் மாமா. அவனுக்கு வீடு. நாளைக்கு அவன் கேட்டா அவனுக்கும் பள்ளிக்கூடம். நீங்க நெனச்சீங்கன்னோ, நான் நெனச்சேன்னோ இல்ல." பிறகு கொஞ்சம் நிதானித்துச் சொன்னாள், "நீங்களும் வாங்க மாமா. உங்களப் பாத்தா அங்கன எந்திரிச்சு நிப்பாவ. இவளுக்குப் பெருமையா இருக்கும்."

அவர் சட்டையை மாற்றிக்கொண்டு வந்தார். மூன்று பேரும் கடைத்தெரு வழியாக நடந்தே போனார்கள். ஆட்டோ வேண்டாம் என்றாள் பெர்சிஸ். மகளைப் பள்ளிக்கு அனுப்புவதை யாருக்கும் தெரியாமல் செய்ய வேண்டிய அவசியம் அவளுக்கு இல்லை. எதிரே வந்த நேசமணி டீச்சர் நின்றார். சீருடையைப் பார்த்தார். ஆண்டவர் ஜெபத்தைக் கேட்டார் என்று சொல்லத்தான் வாயைத் திறந்தார் போலிருக்கிறது. பெர்சிஸ் முந்திக்கொண்டாள்.

"ஆமா டீச்சர், கேட்டாரு. பிளஸ்ஸியோட ஜெபத்த."

பிளஸ்ஸி இப்போது ஒன்பதாம் வகுப்பு. கோகோ அணியில் இருக்கிறாள். முழங்காலில் எப்போதும் ஒரு சிராய்ப்பு. வகுப்பில் முதலாவது வரவில்லை, மூன்றாவது. அதைப் பற்றி அவள் கவலைப்படுகிற அழகைப் பார்த்து பெர்சிஸுக்குச் சிரிப்பு வருகிறது.

கிறிஸ்வினுக்குப் பதினொன்று ஆகப் போகிறது. பேச்சுப் பயிற்சிக்கு வாரம் தவறாமல் போகிறான். கடையில் போய்ச் சாமான் கேட்டு வாங்கிவிடுகிறான், கடைக்காரர் அவசரப்படுத்தாமல் இருந்தால். எங்கள் தெருவில் ஐந்தாறு பேரிடம் பேசுவான். கூட்டம் என்றால் இன்னும் வாய் பூட்டிக்கொள்ளும். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. தறிக்கூடத்தில் இப்போது வகுப்பு இல்லை, மேசைக்கே வந்துவிட்டது. சில நாள் மட்டும் அவனாகப் போய்க் கத்திவிட்டு வருவான்.

போன கிறிஸ்துமஸுக்கு ஞாயிறு பள்ளிப் பிள்ளைகளுக்கு நாடகம் பழக்கினார்கள். ஐயரம்மா, அதாவது எங்கள் போதகரின் மனைவி, ரொம்ப இரக்கம் உள்ளவர். பேச முடியாத பிள்ளை ஒதுங்கி நிற்கக்கூடாது என்று யோசித்து, ஒரு வேடம் கண்டுபிடித்திருந்தார். ஆலயம் முழுக்கப் பிள்ளைகளும் பெரியவர்களும் இருக்கும்போது கிறிஸ்வினைக் கூப்பிட்டு, தோளில் கை வைத்துச் சொன்னார்.

"நீ ஆட்டுக்குட்டியா வாடா தங்கம். ஒண்ணும் பேச வேண்டாம். சும்மா வந்து படுத்துக்கிட்டாப் போதும்."

எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். அவன் காது சிவந்தது. பெர்சிஸ் இரண்டு வரிசை தள்ளி உட்கார்ந்திருந்தாள். பதில் சொல்ல அவள் எழுந்திருப்பாள் என்று நான் நினைத்தேன். அவள் அசையவில்லை. கைகளை மடியில் கோர்த்துக்கொண்டு மகனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

கிறிஸ்வின் ஐயரம்மா முகத்தை நிமிர்ந்து பார்த்தான்.

"மாட்டேன்."

அந்த ஆலயத்துக்குள் அவன் பேசிய முதல் வார்த்தை அதுதான். சின்னக் குரல்தான். ஆனால் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. ஐயரம்மா வாயில் கை வைத்துக்கொண்டார். ஆண்கள் பக்கத்து முதல் வரிசையிலிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது. அருமைநாயகம் சார் தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தார். நாற்பது வருடம் வகுப்பறையில் எதிர்ப்பேச்சே கேட்காத மனிதர், கைக்குட்டையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பக்கத்தில் இருந்தவரிடம் சொன்னார்.

"அப்படியே எங்க மருமவதான்!"